நான் கொடுத்துவிட்ட நான்காவது இணைப்பு

கோர்ட் ஆபீசுகளில் மனு வாங்கும் வேலையில் இருக்கிற உங்களில் மூன்று பேர் போன வாரம் எனக்குப் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மனுவோடு வருகிற ஆதார் நகலில் எண்ணை மட்டும் மறைத்தால் போதுமா, முகவரியையும் மறைக்க வேண்டுமா, விதி என்ன சொல்கிறது என்று. ஓய்வு பெற்று, வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் விதி கேட்கிறீர்கள். விதிப்புத்தகம் உங்கள் பீரோவிலேயே இருக்கிறது, தூசி தட்டிப் படித்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றுமே சொல்லாத இடத்தில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதில் தப்புச் செய்தவள் நான்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தேன். எந்த மனுவும் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகும். பக்க எண் இல்லையா, ரிட்டன். கையெழுத்து விட்டுப்போயிற்றா, ரிட்டன். விலாசம் அரைகுறையா, ரிட்டன். வக்கீல் குமாஸ்தாக்கள் எனக்கு 'ரிட்டன் அக்கா' என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சில வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரே வெளியே தெரியக் கூடாது என்று சட்டம் கறாராகச் சொல்லிவிடுகிறது. அதில் நமக்குக் குழப்பம் இல்லை. ஆனால் புருஷன் அடிக்கிறான், பாதுகாப்பும் ஜீவனாம்சமும் வேண்டும் என்று ஒருத்தி ஓடி வரும்போது, அவள் இப்போது எங்கே படுத்துத் தூங்குகிறாள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லித்தான் நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பக்கத்தின் நகல் யார் கைக்குப் போகும்? அடித்தவன் கைக்கு. இத்தனை வருஷம் அதே பக்கத்தில் 'சரி' என்று டிக் போட்டவள் நான்.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். மேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் மேரி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் ஆபத்தில்லை. அவள் ஒளிந்திருந்த ஊரையும் சொல்ல மாட்டேன். திருச்செந்தூர் போகிற வழியா, வேம்பார் போகிற வழியா என்றுகூடச் சொல்ல மாட்டேன். புருஷன் விசைப்படகு ஓட்டுகிறவன். ஏழு மாத வயிற்றோடு, நாலு வயது மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வீட்டை விட்டு வந்தவள் அவள். இரண்டாவது பிள்ளை ஒளிந்திருந்த ஊரில்தான் பிறந்தது.

அவளுடைய வக்கீல் போட்ட மனுவை வழக்கம்போல 'விலாசம் இல்லை' என்று ரிட்டன் செய்தேன். மறுநாள் அவளே கவுண்டருக்கு வந்து நின்றாள். இடுப்பில் கைப்பிள்ளை.

"எக்கா, விலாசம் எழுதாம மனு குடுக்க முடியாதா?"

"முடியாதும்மா. கோர்ட்டுக்கு நீ எங்கன இருக்கன்னு தெரியணும்லா."

"கோர்ட்டுக்குத் தெரியட்டும்க்கா. அவருக்கும்லா தெரிஞ்சி போவும்." குரலை அவள் உயர்த்தவில்லை. "அடியக்கூட வாங்கிக்கிடலாம். புள்ளைகளத் தூக்கிட்டுப் போயிருவாரு. போன தடவ மூத்தவனத் தூக்கிட்டுப் போயி பதினோரு நாளு கண்ணுலயே காட்டல. பொறவு கொண்டாந்து விடும்போது புள்ள பேச்சே இல்லாம இருந்தான்."

இதைக் கேட்டபிறகும் ரிட்டன் சீட்டை நீட்டினால் நான் மனுஷியே இல்லை. மனுவில் வக்கீல் ஆபீஸ் விலாசத்தைப் போடச் சொன்னேன். உண்மையான விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வாங்கி, கவரில் போட்டு ஒட்டி, மாஜிஸ்ட்ரேட் அறைக்குக் கொண்டுபோனேன்.

"இதுக்கு விதி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குறதா எனக்குத் தெரியல ஐயா. கூடாதுன்னும் நா எங்கயும் படிக்கல" என்றேன்.

கவரை என் பக்கமே தள்ளினார். சரி, உங்கள் பொறுப்பில் பத்திரமாக வையுங்கள் என்றார். எனக்கு அது போதும்.

வெளியே வந்து இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆதார் நகலில் விலாசத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறுபடி நகல் எடுக்கச் சொன்னேன். சின்னப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒளிந்திருக்கிற வீட்டு விலாசம் பச்சையாகக் கிடந்தது. இது ஆகாது, வயதுக்கு வேறு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றேன். வக்கீல் சாயங்காலமே ஞானஸ்நானச் சான்று கொண்டுவந்து கொடுத்தார். மாதா கோயில் முத்திரை போட்ட ஒரே தாள். பிள்ளையின் பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது. கதவு எண் இல்லை, தெரு இல்லை. கில்லாடிதான் நான் என்று மனசுக்குள் என்னையே மெச்சிக்கொண்டு, 'இணைப்பு 4' என்று என் கையாலேயே எழுதினேன்.

எங்கள் வீடு பனங்காட்டுப் பக்கம். கருப்பட்டி வியாபாரக் குடும்பம். அத்தனை வருஷம் கடற்கரை ஜனங்களோடு வேலை பார்த்தும், மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயும், ஒரு ஞானஸ்நானத் தாளில் யார் யார் பெயர் எதற்கு வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று தோன்றவும் இல்லை.

முதல் வாய்தா அன்று காலையில் புருஷனும் வந்திருந்தான், அவனுடைய வக்கீலின் குமாஸ்தாவும் வந்திருந்தார். அந்தக் குமாஸ்தா அண்ணாச்சி கவுண்டரில் எனக்குப் பல வருஷப் பழக்கம். வக்காலத்தைக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், மனுவும் இணைப்புகளும் சேர்ந்த செட்டை என் கையால் வாங்கிக்கொண்டு போனார். மேரி வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைக் கொண்டுவரவில்லை.

அரை மணி நேரம் கழித்து எங்கள் அலுவலக உதவியாளர் ஜெயராணி, ஆபீஸ் காப்பியை வழக்குக் கட்டோடு சேர்க்க எடுத்தாள். கடற்கரைக்காரி, கோயில் பாட்டுக்குழுவில் இருப்பவள். தாளைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எக்கா, இதையுமா குடுத்துட்டிய?"

"வயசுக்கு ஆதாரம்ளா அது. விலாசம் ஒண்ணும் இல்லையே."

"விலாசம் எதுக்குக்கா. கோயில் பேரு போட்டிருக்கு. இன்னா, ஞானத்தாயி பேரு போட்டிருக்கு." விரலை வைத்துக் காட்டினாள். "ஞானஸ்நானத்துல புள்ளைய ஏந்தி ஞானத்தாயா யாரு நிப்பா? கஷ்டத்துல தாங்கிப் புடிச்சவதான் நிப்பா. அவ வீட்டுலதான் இவ இருப்பா. எங்க ஆளுகளுக்கு இந்தப் பேரப் பாத்தாலே வீடு தெரிஞ்சிரும். இவ புருசனுக்குத் தெரியாதா?"

கதவு எண்ணையும் தெருவையும் தேடித் தேடி அழித்தவள், வீட்டுக்காரியின் பெயரையே முத்திரையோடு கொடுத்திருக்கிறேன். அதுவும் நானே கேட்டு வாங்கி.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, செட் எங்க?"

"பைக்குள்ள இருக்கு மேடம். என்ன, ரிட்டனா?" என்று சிரித்தார்.

"அந்த ஆளு எங்க?"

"இப்பந்தான் பைக்க எடுத்துட்டுப் போறான். கேஸக் கூப்பிட நேரமாவும்லா, வந்திருதேன்னான்."

"தாளப் பாத்தானா?"

"எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்புனேன். அவனும் கேட்டான், அவனுக்கும் அனுப்பிட்டேன். கட்சிக்காரனுக்கு அனுப்புதது வழக்கம்தான மேடம்."

வழக்கம்தான். அண்ணாச்சிமேல் ஒரு பிசகும் இல்லை. நான் கொடுத்ததை அவர் அனுப்பினார், அவ்வளவுதான். தாள் பையிலேயே இருந்தாலும் போக வேண்டியது போய்விட்டது.

இந்த இடத்தில் நின்று கேளுங்கள். அந்த நிமிஷம் நான் என் நாற்காலிக்குத் திரும்பிப் போயிருந்தால் ஒரு ஈ, காக்கைக்கும் தெரிந்திருக்காது. சட்டப்படி கொடுக்க வேண்டிய நகலைச் சட்டப்படி கொடுத்திருக்கிறேன். கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எந்த விசாரணையிலும் என்னை ஒருவரும் அசைக்க முடியாது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வந்தது, அதை அந்த டீக்கடை வாசலிலேயே காறித் துப்பிவிட்டு உள்ளே போனேன்.

மேரியிடம் நேராகப் போய்ச் சொன்னேன். "நா தப்புப் பண்ணிட்டேம்மா. ஞானஸ்நானத் தாள அவன்கிட்ட குடுத்துட்டேன். ஞானத்தாயி பேரப் பாத்துட்டான். பைக்க எடுத்துட்டுக் கெளம்பிட்டான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை எடுத்து அந்த ஞானத்தாயைக் கூப்பிட்டாள்.

"மதினி, புள்ளைக ரெண்டையும் தூக்கிட்டு வெளிய போங்க. இப்பவே. பால் பாட்டிலெல்லாம் தேடாதிய. வீட்டப் பூட்டிட்டு ஆளுக இருக்க எடத்துக்குப் போங்க."

போனை வைத்ததும் எழுந்துவிட்டாள். உடனே மறுபடி உட்கார்ந்தாள். "நா போயிட்டா கேஸக் கூப்பிடும்போது ஆளில்லன்னு தள்ளிருவாங்களே. வக்கீலு இன்னும் வரல."

"நீ போ. கேஸ நா பாத்துக்கிடுதேன்."

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வழக்கைப் பார்த்துக்கொள்ள ஹெட் கிளார்க்குக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆட்டோவில் அவளை ஏற்றிவிட்டு, கோர்ட் ஹாலுக்குள் போனேன். வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோர்ட் நடக்கும்போது எங்களைப் போன்றவர்கள் தானாக வாயைத் திறப்பது வழக்கமில்லை. வக்கீல்கள் பேசுவார்கள், நாங்கள் வழக்குக் கட்டை எடுத்துக் கொடுப்போம். நான் மேடைக்குக் கீழே போய் நின்று பேசினேன்.

"ஐயா, ஆபீஸ் தப்பு ஒண்ணு நடந்திருக்கு. இப்பவே சொல்லணும்."

நடந்ததை அப்படியே சொன்னேன். அதற்குள் புருஷனின் வக்கீல் வந்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தது, வரத்தானே செய்யும். எதிர்மனுதாரருக்குக் கொடுத்த நகலைத் திரும்பக் கேட்க ஆபீசுக்கு என்ன அதிகாரம், இந்தம்மா மனுதாரருக்கு வக்கீலா என்றார்.

"அதிகாரம் இல்ல சார். தப்புதான் இருக்கு. அது என்னோடது" என்றேன்.

மாஜிஸ்ட்ரேட் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மேரியின் வழக்கு எண்ணைச் சொல்லி அப்போதே கூப்பிடச் சொன்னார். எதிர்மனுதாரர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். காலையில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவன் இப்போது எங்கே என்று வக்கீலைக் கேட்டார். நான்காவது இணைப்பை எல்லாச் செட்டிலிருந்தும் எடுத்து மூடிய கவரில் வைக்க வேண்டும், அவன் பிள்ளைகளை நெருங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார். அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு உடனே தகவல் சொல்லச் சொன்னார். போன் போட்டது நான்தான்.

அங்கே நடந்ததை மேரி பிறகு சொன்னாள். ஞானத்தாய் பிள்ளைகளை மீன் ஏலம் போடுகிற கொட்டகைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். வள்ளங்கள் கரைக்கு வந்து சேருகிற நேரம், கொட்டகை நிறையப் பெண்கள். கைப்பிள்ளை ஒருத்தி மடியிலிருந்து இன்னொருத்தி மடிக்குப் போய்விட்டது. மூத்தவன் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்திருக்கிறான். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் புருஷன் கொட்டகைக்கு வந்து, எம் புள்ளையக் குடுங்க என்று கத்தியிருக்கிறான்.

"எந்தப் புள்ளல?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "இங்கன எத்தன கைப்புள்ள கெடக்கு பாரு. ஒம் புள்ள எதுன்னு நீயே காட்டு, எடுத்துட்டுப் போ."

அவன் ஒவ்வொரு மடியாகப் பார்த்திருக்கிறான். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை அவன் பார்த்ததே இல்லை. காட்ட முடியாமல் நின்றுகொண்டிருக்கும்போது போலீஸ் வந்துவிட்டது. அன்றைக்கே மேரியும் பிள்ளைகளும் அந்த ஊரை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு மெமோ வந்தது. மனுவில் விலாசம் இல்லாமல் எந்த விதிப்படி எடுத்தீர், கொடுத்த ஆவணத்தை எந்த விதிப்படி திரும்பக் கேட்டீர், கோர்ட் நடக்கும்போது எந்த விதிப்படி பேசினீர் என்று மூன்று கேள்விகள். மேலே இருந்த ஒருவர் என்மேல் அக்கறைப்பட்டு ஒரு வழி சொன்னார். செட் சேர்த்தது உதவியாளர்தானே, அவருடைய கவனக்குறைவு என்று எழுதிவிடுங்கள், அவருக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும், நீங்கள் தப்பிப்பீர்கள் என்றார். ஜெயராணிதான் கண்டுபிடித்தாள். அவள் தலையில் கட்டச் சொல்லுகிறார். நான் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதிலில் நான்கு வரிதான் எழுதினேன். மூன்றுக்கும் விதி தெரியாது. நான்காவது இணைப்பைக் கொடுத்தது என் தப்பு, அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். மற்றவை மூன்றும் தப்பு என்று நான் நினைக்கவில்லை. மறுபடி நேர்ந்தால் மறுபடியும் அப்படித்தான் செய்வேன். பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. மேல்முறையீடு செய்யச் சொன்னார்கள். எதற்கு? இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்தத் தாளையும் என் கண்ணால் மட்டும் படித்ததில்லை. கடற்கரைத் தாள் வந்தால் ஜெயராணி படிப்பாள். காயல்பட்டினத்துப் பக்கம் ஜமாஅத் கடிதம் வந்தால் அங்கத்துப் பையன் ஒருவன் நகல் பிரிவில் இருந்தான், அவனைக் கூப்பிடுவேன். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு ஆதாரமாக அழைப்பிதழை இணைப்பார்கள். அதில் தாய்மாமன் யார், எந்த ஊரில் என்ன கடை என்று வம்சமே வரிசையாக நிற்கும். அடிபட்டவள் எந்த மாமன் வீட்டுக்கு ஓடியிருப்பாள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதை நான் அத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு சீல் அடித்து அனுப்பியிருக்கிறேன். தாள் யார் கைக்குப் போகிறதோ அவன் கண்ணால் அதைப் படியுங்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று வந்தபோது, மூடிய கவர்களைப் பிரிக்க மாட்டேன் என்றேன். எழுத்தில் தாருங்கள் என்றார்கள். கொடுத்தேன். நீங்களும் கொடுங்கள். கையெழுத்துப் போட்டு மறுக்கிறவளை அவ்வளவு லேசில் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். செய்தாலும் செய்துவிட்டுப் போகட்டும்.

மேரியின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அன்று அவன் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. கூண்டில் ஏறியவளிடம் அவனுடைய வக்கீல் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"இப்ப எங்க குடியிருக்கீங்க?"

சாட்சிகள் எல்லாரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி மாதிரி, கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேரி பேசிவிட்டாள்.

"இங்கன நிக்கேன்லா சார். என்ன கேக்கணுமோ இங்கன கேளுங்க."

அடுத்த கேள்விக்குப் போங்கள் என்றார் மாஜிஸ்ட்ரேட். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே வாக்குமூலத்தில் ஏற்றச் சொன்னார். வக்கீல் என்னென்னவோ கேட்டார், அவளும் ஒன்றுக்கும் குரல் தாழாமல் பதில் சொன்னாள். வழக்கு அவள் பக்கம் முடிந்தது. பாதுகாப்பு உத்தரவு வந்தது, ஜீவனாம்சம் வந்தது, பிள்ளைகள் அவளிடமே இருக்கட்டும் என்றும் வந்தது.

உத்தரவு நகலை வாங்க அவள் கவுண்டருக்கு வந்த அன்று, வேலை முடிந்து அவளோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்டேன். போகிறான், வாயை மூடுவதே இல்லை என்றாள். சின்னது நடக்கத் தொடங்கிவிட்டது என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில், வாய் தவறி, இத்தனை வருஷப் பழக்கம் கேட்டுவிட்டது.

"இப்ப எங்கம்மா இருக்க?"

மேரி நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கள்ட்டயும் சொல்ல மாட்டேங்க்கா."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் கையை நான் விடவில்லை. "சொல்லாத" என்றேன். "யாரு கேட்டாலும் சொல்லாத."

அந்தப் பக்கம் இரண்டு பேருந்துகள் நின்றுகொண்டிருந்தன. அவள் எதில் ஏறுகிறாள் என்று பார்க்காமல் நான் திரும்பி நடந்தேன்.